எங்கள் ஒழுங்கையின் ஐ.டி. தம்பி

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு, கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். கல்முனைக் கடைகள் சட்டர் இழுத்த கையோடு எங்கள் ஒழுங்கையில் ஒருவன் ஐ.டி. படிக்கத் தொடங்கினான். சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று ஒழுங்கைக்கு ஒருவன் இப்படி முளைத்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே அங்க அடையாளம்: இடுப்பில் சாரன், கழுத்தில் ஹெட்போன், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

மூத்தம்மாவுக்கு விஷயம் விளங்கவில்லை. “ஐ.டி.யா? அடையாள அட்டை அடிக்கிற வேலையா மன?” என்று கேட்டார். அவன் அரை மணி நேரம் விளக்கினான். “அப்ப கவுண்மேந்து இல்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்தார்.

கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.ரி. வெளிவாரிப் பட்டம்தான் இலக்கு. மூன்று வருடம், வீட்டிலிருந்தே படிக்கலாம். முதல் வருடத்தோடு நின்றாலும் ஒரு டிப்ளோமா மிஞ்சும் என்று வாப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தான். கெட்டிக்காரன். ஆனால் படிக்க கொம்பியூட்டர் ஒழுங்காக இருக்க வேண்டுமே! காக்கா கட்டாரிலிருந்து கொண்டுவந்த பழைய லெப்டொப்புக்கு விண்டோஸைக் கண்டாலே மூச்சு வாங்கும். லினக்ஸ் போடத் தீர்மானித்தான். படிப்புக்காக மிஷினைத் திருத்துகிறான் என்று நாங்கள் நினைத்தோம். மிஷினைத் திருத்துவதுதான் அவன் படிப்பு என்று பிடிபட ஒரு வருடம் போனது.

உபுண்டு 20.04 அந்த ஏப்ரல் 23ஆம் திகதி வெளிவந்தது. நோன்புக்கு இன்னும் இரண்டு நாள். இரண்டரை ஜி.பி.யைப் பகல் டேட்டாவில் இறக்கினால் வாப்பாவின் மாதக் கணக்கு கவிழும். நடுச்சாமத்துக்குப் பிறகு வரும் இரவு டேட்டாதான் வழி. பள்ளிவாசல்கள் பூட்டு, தராவீஹும் வீட்டில்தான். தொழுது எல்லோரும் படுத்த பிறகு அவன் மட்டும் இருட்டில் குந்தியிருப்பான். சஹருக்கு எழும்பிய உம்மா கதவிடுக்கால் வெளிச்சத்தைக் கண்டு, மகன் தஹஜ்ஜுத் தொழுகிறான் என்று பூரித்துப்போனார். உள்ளே தொண்ணூற்றேழு வீதத்தில் லைன் அறுந்து, அவன் உண்மையிலேயே இரண்டு கையையும் ஏந்தியிருந்தான்.

ஒருவாறு உபுண்டு ஏறியது. பெருநாள் கழிந்து, கல்யாணக் கார்ட் ஒன்றில் பெயர் திருத்த வேண்டும் என்று மாமா பென் டிரைவோடு வந்தார். எங்கள் பக்கம் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகிய கைகள் அதிகம். லினக்ஸில் அந்த எழுத்துரு இல்லை. திறந்தால் மணமகன், மணமகள், இரு வீட்டார் எல்லோரும் ஆங்கில எழுத்தாய்ச் சிதறிக் கிடந்தார்கள். பாமினியில் புள்ளி வைப்பது அரைப்புள்ளிப் பொத்தான் என்பதால், மெய்யெழுத்து வந்த இடமெல்லாம் அரைப்புள்ளி மொய்த்திருந்தது. மாமா ஓரடி பின்னால் போய், “இதுக்குள்ளயும் வந்துட்டாடா?” என்று மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்தார்.

நவம்பரில் அக்கரைப்பற்றை அடைத்தார்கள். டிசம்பர் கடைசியில் கல்முனையின் ஒரு பகுதியை. பிள்ளைகளுக்கு ஸூமில் வகுப்பு. ஒழுங்கையின் போன்களெல்லாம் வேலிக்கு மேலால் அவனிடம் வந்தன. சத்தம் வராத போன், சத்தம் மட்டும் வரும் போன், யாரோ ஒரு சாச்சியின் ‘காலை வணக்கம்’ படங்களால் நிரம்பி மூச்சுமுட்டிய போன். கூலி ஒரு பிளேன்டி. பரீட்சைக்கு எப்போது விண்ணப்பிப்பாய் என்று நான் ஒருநாள் கேட்டேன். “கேர்னல் அப்டேட் ஒண்டு போகுது, அது முடியட்டும்” என்றான்.

பாஸ் பண்ணினான், அதையும் சொல்லத்தான் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் போன நாளில், பழைய மோட்டார் சைக்கிள் பற்றரியில் ரவுட்டரைக் கொழுவி, வெளிநாட்டுக்காரன் ஒருவனுக்கு வேலை முடித்துக் கொடுத்தான். டொலரில் சம்பளம். ஒழுங்கைக்கு மட்டும் அவன் இன்னும் வேலையில்லாதவன்தான். வேலை உள்ளவன் காலையில் லோங்ஸ் போட்டு மோட்டார் சைக்கிளில் ஏற வேண்டாமா?

இப்போது பெண் பார்க்கிறார்கள். எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. தரகர் வந்து வளவு, கிணறு, மேல்மாடிக்கு விட்ட கம்பி வரை சொல்லி முடித்தார். இவன் கேட்டது ஒன்றே ஒன்று: “லைன் பைபரா, பழைய டெலிபோன் வயரா?”

தரகர் போய் விசாரித்து வந்தார். “பைபர்தானாம் தம்பி. ரவுட்டர் மாமிட அறைக்குள்ள இருக்காம்.”

யோசிக்க இரண்டு நாள் தவணை கேட்டிருக்கிறான்.