சூடேறிய காரின் சண்டித்தனமும் ஈரத்துணியின் வரம்பும்: ஓர் ஆய்வு

காலையில் வாசலில் ஒரு தடவை சாவியைத் திருப்பினாலே கிளம்பிவிடுகிற கார், விக்கிரவாண்டியில் டீ குடித்துவிட்டு வந்து திருப்பினால் கிளம்புவதில்லை. நெடுஞ்சாலை டீக்கடைகளில் பல தலைமுறையாக அறியப்பட்ட இவ்வுண்மை முறையான ஆய்வுக்கு உட்படாமல் போனதற்குக் காரணம் எளிது. விஷயம் தெரிந்த மெக்கானிக்குக்கு எழுத நேரமில்லை. நேரமிருந்த பயணி அப்போது பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தார். அக்குறை இக்கட்டுரையால் நீங்கும்.

ஆய்வெல்லை குறித்துச் சில சொற்கள். பனியில் கிளம்பாத கார் ஊட்டிக்காரர்களின் பாடு, இங்கே சேர்க்கப்படவில்லை. எப்போதுமே கிளம்பாத காரும் சேராது. அதில் ஆராய என்ன இருக்கிறது? முதன்மைச் சான்று அம்பாசிடர். உத்தர்பாரா ஆலையில் 2014-இல் அதன் தயாரிப்பு நின்றுபோனாலும், சூட்டில் சண்டித்தனம் செய்வதில் அதன் தொன்மைக்கு நிகரில்லை. துணைச் சான்றுகள் பிரீமியர் பத்மினியும், கார்பரேட்டர் வைத்த பழைய மாருதி 800-உம்.

முதலில் நிற்கும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். வண்டியை ஓரங்கட்டி, பார்சல் வாங்கிக்கொண்டு இரண்டே நிமிடத்தில் சாவி திருப்பியவருக்குக் கார் கிளம்பும். சாப்பாடு, வெற்றிலை, வேப்பமரத்தடியில் ஒரு குட்டித் தூக்கம் என்று ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தவருக்கும் கிளம்பும். பத்து நிமிடத்துக்கு மேல், அரை மணிக்குள், அதாவது ஒரு டீ, இரண்டு வடை, பேப்பரில் ஒரு பக்கம் என்ற இடைவெளியில் வந்தவருக்குத்தான் கிளம்பாது.

பழியை வடையின்மேல் போடுவோர் உளர், அது பிழை. எஞ்சின் ஓடும்போது விசிறி காற்றை இழுக்கிறது, ரேடியேட்டர் தண்ணீர் சுற்றி வருகிறது, டேங்க்கிலிருந்து வரும் பெட்ரோலும் தன் பங்குக்குக் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. எஞ்சினை அணைத்ததும் மூன்றும் ஒரே நொடியில் நின்றுவிடும். இரும்பில் ஏறிய சூடு மட்டும் எங்கே போகும்? பானட்டுக்குள்ளேயே கிளம்பி மேலே ஏறும். நிறுத்தியதும் கார் ஆறத் தொடங்குகிறது என்ற நம்பிக்கை இதனால் தகர்கிறது. கார்பரேட்டரும் பெட்ரோல் பம்ப்பும் ஓடும்போது இருந்ததைவிட நின்ற பிறகுதான் அதிகம் சூடாகின்றன. பழைய டிரைவர்கள் வண்டியை நிறுத்தியவுடன் பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு டீக்குப் போனது பந்தாவுக்காக அல்ல என்பதும் பெறப்பட்டது.

இனி நோயின் வகை. சித்த வைத்தியர் உடம்புக்குச் சொன்ன வாதம், பித்தம், கபம் மூன்றும் காருக்கு அப்படியே பொருந்துவது கண்டு யாம் வியந்தோம்.

வாதம் என்பது வாயு, டிரைவர் பாஷையில் ‘ஏர் லாக்’. பெட்ரோல் ஒரே பொருளன்று, பலவற்றின் கலவை. அதன் இலேசான பகுதிகள் 40 டிகிரிக்குக் கீழேயே கொதிக்கத் தொடங்கும். கத்திரி வெயிலில் வேலூரில் நிழலே 40-ஐத் தாண்டும்போது பானட்டுக்குள் கேட்க வேண்டாம். அம்பாசிடரின் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டிலேயே முடுக்கப்பட்டிருக்கும். வண்டியின் பின்கோடியிலுள்ள டேங்க்கிலிருந்து அது உறிஞ்சியாக வேண்டும். உறிஞ்சினால் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பம்ப்பின் டயாப்ரத்துக்குத் திரவத்தைத் தள்ளத்தான் தெரியும். ஆவி வந்துவிட்டால் அது சுருங்கி விரிவதெல்லாம் வீண். கொடைக்கானல் மலைப்பாதையில் இது இரட்டிப்பாகும். இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே ஏறும் எஞ்சின் ஒரு பக்கம் கொதிக்க, உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் மறுபக்கம் குறைந்துகொண்டே வரும்.

கபம் இதற்கு நேர் எதிர். அதே சூட்டில் கார்பரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் பொங்கி எஞ்சினுக்குள் வழிந்துவிடும். வாடை மூக்கைத் துளைக்கும். பிளக்கைக் கழற்றினால் நனைந்து கறுத்திருக்கும். ஒர்க்‌ஷாப்பில் இதை ‘ஓவர்ஃப்ளோ’ என்பார்கள். ஆக்சிலரேட்டரை அடிவரை ஒரே மிதியாக மிதித்து, காலை எடுக்காமல் செல்ஃப் அடிப்பதே மருந்து. காற்று நிறையப் போய் உள்ளே தேங்கியதை வெளியேற்றும். ஆனால் பக்கத்து சீட்டில் மைத்துனர் இருப்பார். “மாமா, விட்டு விட்டு மிதிங்க மாமா!” ஒவ்வொரு மிதிக்கும் கார்பரேட்டர் ஒரு பீச்சு பெட்ரோலைக் கூடுதலாக உள்ளே அனுப்பும். இந்நோய் முற்றுவதில் மைத்துனர்களின் பங்கு தனி ஆய்வுக்குரியது.

பித்தம் மின்சாரத்தில் ஏறும் சூடு. இக்னிஷன் காயிலின் இன்சுலேஷன் பழசானால் சூட்டில் பொறி மங்கும். ஆறியதும் ஒன்றுமே நடவாதது போல் வேலை செய்யும். செல்ஃப் மோட்டாரும் இக்கூட்டமே. செம்பின் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 50 டிகிரி கூடினால் 20 சதவீதம். ஏற்கெனவே தேய்ந்த செல்ஃப் இதைத் தாங்காமல் ‘டக்’ என்ற ஒரு சத்தத்தோடு கடமையை முடித்துக்கொள்ளும்.

இப்போது ஈரத்துணி. டீக்கடையில் மேசை துடைக்கிற துணியை வாங்கி, வாளியில் முக்கி, பாதி பிழிந்தும் பிழியாமலும் பெட்ரோல் பம்ப்பின் மேல் போர்த்துவார் டிரைவர். வழிந்த சொட்டு மேனிஃபோல்டில் பட்டு ‘சொய்’ என்னும். துணியில் இருந்த டீக்கறையின் மணம் லேசாக எழும். ஓரம் காயக் காய இன்னொரு சொம்பு. கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பும். “பார்த்தீங்களா சார், ஏர் லாக்தான்!” என்பார் டிரைவர். கூட்டம் தலையாட்டும்.

இங்கேதான் எமக்கு ஐயம். அதே துணியைக் காயிலின் மேல் போட்டிருந்தாலும், நோய் பித்தமாக இருந்தால், கிளம்பியிருக்கும். துணியே போடாமல் இன்னொரு டீ சொல்லியிருந்தாலும் கிளம்பியிருக்கும். எல்லா நோய்க்கும் கேட்கிற மருந்து, வந்தது எந்த நோய் என்று காட்டிக்கொடுக்காது. ஈரத்துணி நல்ல வைத்தியம்தான், ஆனால் சாட்சியைக் கலைக்கிற வைத்தியம். கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாலும் அதே கதி. போய்ச் சேர்வதற்குள் வண்டி ஆறிவிடும். மெக்கானிக் சாவியைத் திருப்புவார், கிளம்பும். “நல்லாத்தானே சார் இருக்கு” என்று அவர் பார்க்கிற பார்வைக்கு நம்மிடம் பதில் கிடையாது.

ஆகவே சூட்டில் வந்த நோயைச் சூட்டிலேயே, துணி படுமுன் நாடி பார்க்க வேண்டும் என்பது எம் துணிபு. செல்ஃப் சோம்பலாகச் சுற்றினாலோ சுற்றாமலே நின்றாலோ வண்டியைத் தள்ளிப் பார்க்கலாம். தள்ளிக் கிளம்பினால் பெட்ரோலும் பொறியும் குற்றமற்றவை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதல் சந்தேகம் பேட்டரி மேல். இறங்காவிட்டால் டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் என்று வரிசையாகப் பிடிக்கலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் கிளம்பவில்லையா? மூக்கை நம்புங்கள், வாடை அடித்தால் கபம். வாடை இல்லையென்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்பரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டரை ஒருமுறை இழுத்துவிடுங்கள். பெட்ரோல் பீச்சினால் சப்ளை இருக்கிறது, குற்றவாளி பித்தம். பீச்சாவிட்டால் வாதம். அதன் பிறகு துணியைப் போடலாம், அதுவும் ஒரே இடத்தில்.

“இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு இதெல்லாம் வராதுங்க” என்பாரும் உளர். வாதம் குறைந்தது மெய்யே. பம்ப் டேங்க்குக்குள் உட்கார்ந்து சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுவதால் பெட்ரோல் எளிதில் கொதிப்பதில்லை. ஆனால் எஞ்சின் நின்ற பிறகும் அந்த அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு கசிந்தால் பழைய வாதம் திரும்பிவிடும். சாவியை இரண்டு மூன்று தடவை ஆன் செய்து அணைத்த பிறகு செல்ஃப் அடித்தால் கிளம்புகிறது என்றால் அந்த வால்வைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் 90 டிகிரியில் இருக்க, கூலன்ட் சென்சார் 20 என்று பொய் சொன்னால் கம்ப்யூட்டர் பெட்ரோலை வாரி இறைக்கும், கபம். கிராங்க் சென்சார் சூட்டில் ஊமையானால் பொறியுமில்லை, பெட்ரோலுமில்லை. செல்ஃப் சுற்றியும் ஆர்.பி.எம். முள் அசையாமல் கிடப்பது பல வண்டிகளில் அதன் குறி.

டீசலும் தப்பவில்லை. சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இன்ஜெக்டர் வழியாகத் திரும்பிக் கசிவதால் காமன் ரெயிலில் வேண்டிய அழுத்தம் ஏறாது. அதற்கு முந்தைய வண்டிகளில் பம்ப் தேய்ந்திருந்தால் அதன் தலையில் ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர் ஊற்றியே கிளப்பினார்கள். ஈரத்துணி மரபு அங்கேயும் பரவியிருந்ததற்கு இது சான்று.

மெக்கானிக்கிடம் “சூடானா ஸ்டார்ட் ஆகல” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எத்தனை நிமிடம் நின்றிருந்தது, செல்ஃப் எப்படிச் சுற்றியது, வாடை அடித்ததா என்று மூன்றையும் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் கார் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: டீக்கடையில் இருப்பவர்களைத் தள்ளக் கூப்பிடாதீர்கள், அது தள்ளிக் கிளம்பாது.