சிலிண்டருக்கும் ஒரு குடை

ஓகஸ்டில் நடக்கும் அன்னம்மாள் திருவிழாவுக்குத் தலவிலயில் குடில் போட்டுத் தங்கப் போகிறோம். வெயில் பட்டால் காஸ் சிலிண்டர் வெடிக்குமா?
*வாசகி, சிலாபம்*

நல்ல சிலிண்டர் வெறும் வெயிலுக்கு வெடிக்காது. திரவம் விரிய இடம் விட்டுத்தான் நிரப்புகிறார்கள். ஆனால் உள்ளே அழுத்தம் ஏறும். 30 பாகை செல்சியஸில், காஸ் கலவையில் உள்ள புரொப்பேனின் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 10 மடங்குக்கு மேல். 50 பாகையில் ஏறத்தாழ 17 மடங்கு. இரும்பு தாங்கும். தேய்ந்த வாஷர் தாங்குமா? அதைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

வெள்ளித்தாளைச் சுற்றிக் கட்டினால் போதுமா?
*மீனவர், கற்பிட்டி*

சுற்றாதீர்கள், பிடியுங்கள்! மினுங்கும் விரிப்பை ஒரு சாண் உயரத்தில் கூரைபோல் கட்டுங்கள். வெயில் திரும்பிப் போகும், காற்று உள்ளே வரும். இறுக்கிச் சுற்றினால் கசிவும் தெரியாது, துருவும் தெரியாது. வால்வு எப்போதும் கைக்கு எட்ட வேண்டும். பெரிய எரிவாயுத் தாங்கிகளுக்கு வெள்ளை பூசுவதும் வெயிலைத் திருப்பி அனுப்பத்தான்.

ஈரச்சாக்கு போர்த்துவது நல்லதா?
*வாசகர், நுரைச்சோலை*

உடனே குளிரும், உண்மைதான். ஆனால் நம்முடையது உப்புக்காற்று. ஈரம் தங்கினால் அடிவளையம் முதலில் துருப்பிடிக்கும். நிழல் இருக்கும்போது சாக்கு எதற்கு?

அப்படியானால் கிடுகுப் பந்தல்?
*வாசகி, மாம்புரி*

அருமையான நிழல், அதேயளவு அருமையான விறகு. சிலிண்டர் பந்தலின் கீழ் இருக்கட்டும், அடுப்பைத் தள்ளி வெளியில் வையுங்கள்.

2021இல் வீடுகளில் நடந்த காஸ் வெடிப்புகளும் சூட்டினால்தானா?
*மாணவர், புத்தளம்*

இல்லை. கலவையில் புரொப்பேனின் பங்கைக் கூட்டியதையே ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு முக்கிய காரணமாகச் சுட்டியது. புரொப்பேன் கூடினால் அழுத்தம் கூடும். வெயிலும் அதே அழுத்தத்தைத்தான் ஏற்றுகிறது. அதனால்தான் நிழலைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

சிலிண்டரை வானுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் பூசைக்குப் போகலாமா?
*வாசகர், நீர்கொழும்பு*

வேண்டவே வேண்டாம். மூடிய வான் வெயிலில் அடுப்பாகிவிடும். கசியும் வாயு காற்றைவிடப் பாரமானது. தரையோடு தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். வானைப் பூட்டுமுன் சிலிண்டரை இறக்குங்கள். இறக்குமுன் வால்வைப் பூட்டுங்கள். நிழலில் நிமிர்த்தி வைத்துவிட்டு, நிம்மதியாக அன்னம்மாளிடம் போங்கள்.