பொருத்தனையைச் செலுத்தாமல் சமாளிப்பது எப்படி?

பொருத்தனை பண்ண உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் கவரைப் பிரிக்குமுன், விசா இன்டர்வியூவில் பெயர் கூப்பிடுமுன், ரிசல்ட் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது, அது தானாக வாயில் வந்துவிடும். காரியம் கைகூடிய பிறகுதான் பலர் தடுமாறுகிறார்கள். சிலர் அவசரப்பட்டுச் செலுத்தியே விடுகிறார்கள். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது.

1. நேரும்போதே சந்து விட்டு நேருங்கள். யெப்தா அதைச் செய்யவில்லை. ஜெயித்துத் திரும்பினால் வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்றார். வந்தது ஒரே மகள். நீங்கள் "ஊழியத்துக்கு ஏதாவது செய்வேன் ஆண்டவரே" என்பதோடு நிறுத்துங்கள். "முதல் சம்பளம் முழுக்க உமக்கே" என்று அழுகையில் சொல்லிவிட்டீர்களா? பரவாயில்லை. மாதப் பாதியில் வேலைக்குச் சேர்ந்தீர்கள், ஆகவே முதலில் வந்தது முழுச் சம்பளம் அல்ல. அடுத்து வந்தது முழுச் சம்பளம்தான், ஆனால் முதல் சம்பளம் அல்ல. கத்தோலிக்கர்களும் கலங்க வேண்டாம். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்றுதானே நேர்ந்தீர்கள், எங்கிருந்து என்று சொல்லவில்லையே? நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடையைத் தொடங்குங்கள்.

2. முதலில் வீட்டைக் கட்டுங்கள். இதில் யாக்கோபுதான் நமக்குக் குரு. சாப்பாடும் துணியும் தந்து சுகமாகத் திரும்பக் கொண்டுவந்தால் பத்தில் ஒன்று தருவேன் என்று பெத்தேலில் நேர்ந்தார். மந்தை மந்தையாக ஆடு மாடுகளோடு திரும்பியவர் சுக்கோத்தில் வீடு கட்டினார், பிறகு சீகேமில் நிலம் வாங்கினார். கடைசியில் தேவனே கூப்பிட்டு, பெத்தேலுக்குப் புறப்படு என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பத்தில் ஒன்று என்ன ஆனது என்று வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. இதைவிட ஆறுதல் வேண்டுமா?

3. கொடுத்தே தீரவேண்டும் என்றால் பொருளாகக் கொடுங்கள். ஒரு சீலிங் ஃபேன் போதும். மூன்று இறக்கையிலும் சிவப்புப் பெயின்டில் உபயம், உங்கள் பெயர், படிப்பு, வரிசையாக எழுதிவிடுங்கள். ஃபேன் ஓடினால் பெயர் தெரியாது என்பதால் உங்கள் பெஞ்சுக்கு மேலே உள்ளதை யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுப்பின் பண்டிகைக்குச் சேவல் நேர்ந்திருந்தால், முட்டையிடுவதை நிறுத்திய கோழியைக் கொண்டுபோங்கள். ஏலத்தில் அதற்கும் கேள்வி இருக்கும். மந்தையில் நல்ல கடா இருக்கப் பழுதானதைப் பலியிடுகிறவனை மல்கியா திட்டியிருக்கிறார்தான். ஆனால் கோழியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

4. சாட்சி சொல்லுங்கள். மைக்கைப் பிடித்து, தொண்டை கரகரக்க, டாக்டர் கைவிட்ட கதையிலிருந்து ஆரம்பியுங்கள். கேட்ட சபை நீங்கள் எப்போதோ செலுத்திவிட்டதாக நினைத்துக்கொள்ளும். தொகையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். சப்பீராள் சொன்னாள், அந்த இடத்திலேயே விழுந்தாள்.

5. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தாராளமாக இருங்கள். பன்னிரண்டு அடிக்குமுன் முழங்காலில் நின்று, வருகிற வருஷம் வேதாகமத்தை முழுசாக வாசிப்பேன் என்று நேருங்கள். நாளுக்கு மூன்று அதிகாரம் வீதம் ஆதியாகமத்தின் 50, யாத்திராகமத்தின் 40 இரண்டும் ஜனவரி 30-இல் முடியும். மறுநாள் லேவியராகமம். கொழுப்பு, குண்டிக்காய், குஷ்டம் என்று வரும், மரியாதையாக நின்றுவிடுங்கள். முக்கியமாக, அதன் கடைசி அதிகாரத்துக்குப் போய்விடாதீர்கள். நேர்ந்ததற்கு என்ன மதிப்பு, நேர்ந்துவிட்ட வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கட்டவேண்டும் என்பதெல்லாம் 27-இல்தான் இருக்கிறது. வாசிக்காதவரிடம் யார் என்ன கேட்பது?

6. அம்மாவையும் ஆண்டவரையும் ஒருவரைக் காட்டி ஒருவரைச் சமாளியுங்கள். பெற்றோருக்கு உதவ வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்தவர்களை மாற்கு 7-இல் இயேசு கடிந்துகொண்டார். பாவம், அவர்கள் பாதி வேலைதான் பார்த்தார்கள். அம்மா பிரஷர் மாத்திரைக்குப் பணம் கேட்டால், "அதைக் கோயில் கட்டடத்துக்கு நேர்ந்து வைத்திருக்கிறேனம்மா" என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு அதற்கு மேல் கேட்க வாய் வராது. கட்டடக் கமிட்டிக்காரர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வந்தால், "அம்மாவுக்கு மருந்துச் செலவு இழுக்குது அண்ணாச்சி, ஜெபம் பண்ணிக்கிடுங்க" என்று அனுப்பிவையுங்கள். ஜெபமும் பண்ணுவார்கள். பணம் வங்கியில் குட்டி போடும்.

7. அடுத்த ஆபத்து வரும். வெட்கப்படாமல் அதே முழங்காலில் நில்லுங்கள். போன தடவையைவிடத் தொகையைக் கூட்டிச் சொல்லுங்கள், "பழையதையும் சேர்த்து" என்று வேகமாக ஒரு வார்த்தை போடுங்கள், எந்தப் பழையது என்று மேலிருந்து கேள்வி வருவதற்குள் ஆமென் சொல்லி எழுந்துவிடுங்கள்.