அயோரிஸ்டை வைத்து அசத்துவது எப்படி?

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் மூன்று வாரம் படித்தாயிற்றா? தாராளம். மேடையேற ஒரே ஒரு வினைவடிவம் போதும்: அயோரிஸ்ட்.

1. முதலில் செய்முறை. 'லூஓ' (அவிழ்க்கிறேன்) என்ற வினைக்கு முன்னால் 'எ', பின்னால் 'ஸ' சேருங்கள். 'எலூஸ': அவிழ்த்தேன். 'லம்பனோ' (பெறுகிறேன்) மட்டும் 'எலபோன்' ஆகிறதே, 'ஸ' எங்கே என்று யாராவது கேட்டால் இருமிச் சமாளியுங்கள்.

2. "மூல பாஷையில் பார்த்தால்..." என்று தொடங்கி, கொஞ்சம் மௌனம் காக்கவும். பிறகு, "இது அயோரிஸ்ட்! ஒரே தரம், ஒரேயடியாக முடிந்த செயல்!" என்று மேசையில் ஓங்கி அடிக்கவும்.

3. பெயரின் பொருளை மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'ஹோரோஸ்' என்றால் எல்லை; முன்னால் நிற்பது 'அநியாய'த்தில் வரும் அதே 'அ'. ஆக, எல்லை குறிக்காதது. எவ்வளவு நேரம், எத்தனை தரம் என்று பிரித்துக் காட்டாமல் செயலை முழுசாகச் சொல்வதே அதன் வேலை. நம் 'கட்டினான்' போல. 'கட்டிக்கொண்டிருந்தான்' போல அல்ல.

4. யோவான் 2:20 பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். எருசலேம் ஆலயம் கட்ட 46 ஆண்டு பிடித்ததாகச் சொல்லும் வினை அங்கே அயோரிஸ்ட். 2 கொரிந்தியர் 11:24 இன்னும் மோசம். பவுல் ஐந்து தரம் சாட்டையடி வாங்கியதற்கு அதே 'எலபோன்'. 'ஒரே தரம்' என்று முழங்கிவிட்டு மிச்ச நான்கையும் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

5. அப்பம் கேட்கும் ஜெபத்தை எடுங்கள். மத்தேயுவில் 'தொஸ்', அயோரிஸ்ட். லூக்காவில் 'திதூ', நிகழ்கால வடிவம். இன்றைக்குக் கொடும், நாள்தோறும் கொடுத்து வாரும். வித்தியாசம் நிஜமாகவே அழகுதான். ஆனால் 'இன்று', 'நாள்தோறும்' என்ற சொற்களும் அங்கே இருப்பதைச் சொல்லாதீர்கள். ஏவலில் 'எ' உதிர்ந்து, இறந்தகாலமும் கூடவே போய்விடுவதை மூச்சுவிடவே கூடாது.

6. ஃபிராங்க் ஸ்டாக் 1972-ல் ஓர் ஆய்விதழில் எழுதிய கட்டுரையைத் தொடாதீர்கள். 'கொடுமைக்குள்ளான அயோரிஸ்ட்' என்று பொருள்படும் தலைப்பு. படித்தால் பிழைப்பு போச்சு.

மேலே சொன்னதெல்லாம் கஷ்டமாக இருக்கிறதா? அப்படியானால் ஒரு சுலப வழி: எத்தனை தரம், எவ்வளவு காலம் என்பதை அயோரிஸ்டிடம் கேட்காமல் பக்கத்தில் நிற்கும் சொற்களிடம் கேளுங்கள். மேசையாவது பிழைக்கும்.