வண்டிக்கு வயசு மூஞ்சியில இருக்குதாம்!

ஏங்கண்ணு, கலிபோர்னியாவுல குடியிருந்துக்கிட்டு நீயே கார் கட்டறயாமா? உன்ற அம்மா சொன்னா. சட்டம் தனியா வருதாம். பைபர் உடம்பு தனியா வருதாம். போல்ட்டு நட்டெல்லாம் பையில போட்டு நம்பர் ஒட்டி வருதாம். பழைய போர்டு மஸ்டாங்கு ஒண்ண வாங்கிப் பிரிச்சு, கியர் பாக்சும் பின் அச்சும் எடுத்துக்கறதாம். அத்தனையும் புஸ்தகத்தப் பாத்து முறுக்கிப்போட்டு, “நானே கட்டினது”ன்னு நெஞ்ச நிமுத்தறது. சரி, நிமுத்திக்கோ. ஸ்பானர் புடிச்ச கை கெட்டுப் போகாது.

கட்டறது கோப்ராவாம். அசல் கோப்ராவோட கதை தெரியுமா உனக்கு? டெக்ஸாஸ்ல கரோல் ஷெல்பின்னு ஒருத்தரு கோழிப்பண்ணை வெச்சிருந்தாரு. கோழிக்குச் சீக்கு வந்து பண்ணையே திவாலாச்சு. பொறகு ரேஸ் ஓட்டப் போனாரு. 1962-ல இங்கிலாந்து ஏசி கம்பெனியோட சின்ன வண்டியில போர்டு வி-8 எஞ்சினை எறக்கினாரு. அதான் கோப்ரா. மனுசன் பல்லடத்துல பொறந்திருந்தா கோழியிலயே பொழச்சிருப்பாரு, உனக்கும் இந்த வேலை இருந்திருக்காது. அப்ப செஞ்சதே சுமாரா ஆயிரம் வண்டிதான். இன்னிக்கு ஒண்ணு வாங்கறதுக்குக் கோடிக்கணக்குல ஆகும். அதனாலதான் உன்ன மாதிரி ஆளுக நகல் கட்டறீங்க.

அது கெடக்கட்டும். புகைக்கு என்ன பதில் சொல்லப்போற?

“அதுக்கு ரூல் இருக்குதுங் தாத்தா”ன்னு சிரிக்கற. இருக்குதுடா, நானும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். வவுறு வலிக்கச் சிரிச்சேன். செனட் மசோதா 100, 2001-ல சட்டமாச்சு. கையால கட்டின வண்டிக்கு அங்க வருசத்துக்கு 500 சீட்டு. அந்தச் சீட்டு கெடச்சா ரெஃப்ரீகிட்டப் போகணும். புட்பால்ல விசில் ஊதற ரெஃப்ரீ இல்ல, புகைச் சோதனை ரெஃப்ரீ. அவரு வண்டியச் சுத்தி வந்து பாப்பாரு. 1965 கோப்ரா மாதிரி இருக்குதா? அப்ப இது 1965 வண்டி. முடிஞ்சது சோலி!

நேத்து முறுக்கின நட்டு கண்ணு அது. பெயிண்டு வாசனை இன்னும் போகல. அதுக்கு அறுபது வயசுன்னு கவர்மெண்டே லேபிள் ஒட்டிக் குடுக்குது. 1975-ம் அதுக்கு முந்தினதுமான பெட்ரோல் வண்டிகளுக்கு அந்த ஊர்ல ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வர்ற புகைச் சோதனை கெடையாது. அப்ப உனக்கும் கெடையாது. பொண்ணு பாக்கப் போறப்ப மாப்பிள்ளை வயசக் கொறச்சுச் சொல்ற தரகர நான் நெறையாப் பாத்திருக்கேன். ஏத்திச் சொல்லிக் காரியம் சாதிக்கறத இங்கதான் பாக்கறேன்.

இன்னொண்ணும் இருக்குது. உடம்பக் காட்டறதா, எஞ்சினைக் காட்டறதான்னு ஓனரே முடிவு பண்ணிக்கலாமாம். எது கெழடோ அதக் காட்டிக்கலாம். ரெண்டும் எந்தக் காலத்து வண்டி மாதிரியும் இல்லீன்னா? அப்பவும் கவலையில்ல. 1960-ன்னு எழுதிக்குவாங்க. 1960-ல குழாய்ல வர்ற புகைக்கு அங்க ஒரு அளவும் கெடையாது. மொத அளவே 1966 மாடலுக்குத்தான் வெச்சாங்க.

அந்த அளவு வெக்கறதுக்கு என்ன பாடு பட்டாங்கன்னு நெனைக்கற? 1943-லயே லாஸ் ஏஞ்சலஸ்ல சனங்களுக்குக் கண்ணு எரிஞ்சுது. யாரும் காரைச் சந்தேகப்படல. அன்னாசிப்பழ வாசனைய ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்த ஹாகன்-ஸ்மிட்டுங்கற விஞ்ஞானிதான் கண்டுபுடிச்சாரு. எரியாத பெட்ரோல் ஆவியும் எஞ்சின் கக்கற நைட்ரஜன் ஆக்சைடும் வெய்யில்ல வெந்து ஓசோனா மாறுதுன்னு சொன்னாரு. எண்ணெய்க் கம்பெனிக்காரங்களுக்குக் கோவம் வந்துது. பொறவென்ன, மூக்குக்குத் தெரிஞ்சது சட்டத்துக்குத் தெரியறதுக்கு இருவது வருசத்துக்கு மேல ஆயிப்போச்சு.

இப்ப உன்ற விசயத்துக்கு வாரேன். பழைய எஞ்சினே வேணும், கார்புரேட்டரே வேணும்னு ஏன் அடம்புடிக்கற? “அந்தச் சத்தம் வேணுங் தாத்தா.” எது, சிக்னல்ல நிக்கறப்ப தடக்கு தடக்குன்னு குலுங்குமே, அதா? ரேஸ் கேம் போட்ட எஞ்சின்ல உள்ள வர்ற வால்வும் வெளிய போற வால்வும் சித்த நேரம் ஒண்ணாத் தொறந்திருக்கும். மெதுவா ஓடறப்ப பெட்ரோல் எரியாமயே குழாய் வழியா ஓடிப்போகும். அது வீரம் இல்ல கண்ணு, உன்ற காசு. பின்னால ஸ்கூட்டர்ல நிக்கறவன் கண்ணுல தண்ணி வருதே, அவங்கிட்டப் போயி இது 1965 வண்டின்னு லேபிளக் காட்டுவியா?

அதுக்காக அந்த 500 பேர நான் திட்டல. வெய்யில் அடிச்சா எடுப்பானுக, மேகம் கறுத்தா துணி போட்டு மூடுவானுக. ஞாயித்துக்கெழமை காப்பிக் கடை வரைக்கும் போய்ட்டு வர்ற வண்டியால வானம் கறுத்துப்போகாது. கவர்மெண்டும் கணக்குப் பாத்துத்தான் 500-ல நிறுத்திருக்குது. எனக்கு உறுத்தறது வேற. முப்பது வருசம் ஆன வண்டிக்கெல்லாம் சோதனை இல்லைங்கற சலுகை அங்க முந்தி இருந்துது. 2005-ல அத நிறுத்திப்போட்டாங்க. அதனால 1976 மாடல் லாரி வெச்சுத் தோட்ட வேலைக்குப் போறவன், இன்னிக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா குழாய்ல கம்பி வுட்டுக் காட்டிக் காசு கட்டறான். தவறினா பொழப்பு நிக்கும். நீ வெளையாடறதுக்குக் கட்டினது, உனக்கு லேபிள். இது ஞாயமா? நீயே சொல்லு.

அதனால சட்டம் கேக்காட்டியும் நீயாச் செய். புது எஞ்சின் போடு, இன்ஜெக்சன் போடு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரப் பூட்டு. காலங்காத்தால ஒரு திருப்புல ஸ்டார்ட் ஆகும். உடம்புல மட்டும் 1965 இருக்கட்டும், எவன் கேக்கறான்?

ஜனவரி ஒண்ணு அங்க லீவு. மறுநா அந்தச் சீட்டுக்கு ஆபீஸ் தொறக்கறதுக்கு முந்தியே போயி நில்லு. 500 தீந்துபோச்சுன்னா அடுத்த வருசந்தான். ஒவ்வொரு சாமானுக்கும் ரசீது கேப்பாங்க, ஒண்ணு வுடாம எடுத்துக்கோ. ஆனா அந்தக் கட்டு உன்ற பொண்டாட்டி கண்ணுல பட்டுரக் கூடாது. கூட்டிப் பாத்தான்னா, அவகிட்டத் தப்பிக்கறதுக்கு எந்தச் சட்டத்துலயும் எடமில்ல.