காற்றைச் சேமிப்போம்

கொரோனாவில் படுத்த பொருளாதாரத்தைப் பசுமையாக எழுப்பி உட்காரவைக்கப் போகிறவை உள்ளூர்க் காற்றாலை நிறுவனங்கள்தாம் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். சத்தியமான வார்த்தை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் போய்ப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை வேட்டியைப் பிடித்துக்கொள்ள இரண்டு கை போதாது. காற்று அப்படிப் பிய்த்துக்கொண்டு வீசும்போதுதான் மின் வாரியத்திலிருந்து உத்தரவு வரும்: "கிரிட் தாங்காது, கொஞ்சம் நிறுத்திவையுங்க." என்ன ஒரு தொலைநோக்கு! நிலக்கரி தீர்ந்துவிடும், அதனால் சீக்கிரம் எரித்துவிடுகிறோம். காற்று தீராது, அதனால் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவைக்கிறோம்.

நிறுவனங்களுக்கும் இதில் லாபமே. உற்பத்தி செய்தால்தானே விற்க வேண்டும், விற்றால்தானே பாக்கி நிற்கும்? மாதக்கணக்கில் பணத்துக்கு அலைகிற செருப்புத் தேய்மானம் மிச்சம். புதிதாகக் கிளம்பும் சிறு நிறுவனங்களையும் கைவிட்டுவிடவில்லை. அவற்றுக்கு டெண்டரில் ஒரே ஒரு நிபந்தனைதான்: ஏற்கெனவே பெரிய நிறுவனமாக இருக்க வேண்டும்.

வாரியத்தின் கணக்கு வழக்கிலும் குறை சொல்ல முடியாது. சும்மா நிற்கும் காற்றாலையும் தன் கருவிகள் விழித்திருக்க வாரியத்திடம்தான் கரண்ட் வாங்குகிறது. அந்த பில் மட்டும் தேதி தவறுவதில்லை.