கடலைக்கு ஏன் இந்தக் கோபம்?

சுண்டல் சாப்பிட்டால் வயிறு ஏன் கடமுடா என்கிறது? – வாசகர், மதுரை

நமக்குத் தெரியாத வேலையை பாக்டீரியாக்கள் செய்து முடிக்கிற சத்தம் அது! கடலையில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளை வெட்ட ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி வேண்டும். நம் சிறுகுடலில் அது சுரப்பதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. அவற்றுக்குப் பந்தி, நமக்கு வாயு! அதில் பெரும்பகுதியான ஹைட்ரஜனுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் வாசனையே கிடையாது. மூக்கைப் பிடிக்க வைப்பவை மிகச் சிறிதளவே உள்ள கந்தக வாயுக்கள்தான்.

அப்படியானால் உளுந்து போட்ட இட்லி மட்டும் ஏன் இவ்வளவு சாது? – அதே வாசகர்

அங்கே பந்தி முந்தைய இரவே நடந்துவிடுகிறது! மாவைப் புளிக்கவைக்கும் லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதியைப் பாத்திரத்திலேயே உடைத்துவிடுகின்றன. வயிறு உப்ப வேண்டியதற்குப் பதில் மாவு உப்புகிறது. சுண்டலுக்கான கடலையைப் புளிக்கவைக்க முடியாதே என்கிறீர்களா? இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். இந்தச் சர்க்கரைகள் நீரில் கரைபவை, கணிசமாகக் குறையும். வாயுவுக்குப் பயந்து புரதமும் நார்ச்சத்தும் நிறைந்த கடலையை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள்.